பெட்டியில் பாதி காகிதம்

கூடை காலியாக இருந்தது. தும்பி பக்கத்தை மூடித் திறந்தாள். போனை அணைத்துப் போட்டாள். கடை வாசலுக்குப் போய், சிக்னல் நன்றாக வரும் இடத்தில் நின்று இன்னொரு முறை பார்த்தாள். அப்போதும் காலிதான்.

"என்னம்மா, வெயில்ல நின்னுட்டு?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் கண்ணாடிக் கடை முதலாளி. "இங்க ஒருத்தர் கண்ணாடி இல்லாம எதிர் சுவரைப் பார்த்து சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். யாரோ நிக்கிறாங்கன்னு நினைச்சிட்டார் போல."

உள்ளே ஓடினாள். லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கொடுத்தாலும் செய்துவிடுவாள். அன்று இடது லென்ஸை வலது பக்கம் பொருத்திவிட்டு, கையில் கொடுக்கப் போகும்போது கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கூடை வெளிநாட்டுக் கடை ஒன்றின் இணையதளத்தில் இருப்பது. வாங்க நினைப்பதைப் போட்டு வைக்கும் இடம். கடையில் விற்பது பால்சா மரம். காகிதம்போல மெல்லியதாகச் சீவிய பலகைகள். அவற்றை வைத்துத் தும்பியும் அவளுடைய அண்ணியும் விமானம் செய்வார்கள். ரப்பர் இழையை முறுக்கிவிட்டால் முன்னால் இருக்கும் விசிறி சுழலும். விமானம் பெரிய கூடத்துக்குள் ஆள் நடக்கிற வேகத்தில் வட்டமடித்து மேலே போகும். முறுக்கு தீர்ந்ததும் மனசில்லாமல் இறங்கி வரும். முழு விமானமும் ஒரு தேக்கரண்டி சர்க்கரை எடை இருக்காது. பக்கத்தில் நின்று யாராவது தும்மினால் போச்சு.

உள்ளூரில் பால்சா கிடைக்காமல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொம்மை வீடு ஒட்டுவதற்கு வாங்கும் தடிப் பலகை. அதில் செய்தால் பறக்காது, விழும். ஒவ்வொரு பலகையாக எடை போட்டு லேசானதைப் பொறுக்கித் தருவது அந்த ஒரு கடைதான். மரத்தின் விலை கையைக் கடிக்காது. முகவரியில் நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் கீழே ஷிப்பிங் என்று ஒரு தொகை வந்து உட்காரும் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல். மரத்தைப் போல மூன்று மடங்கு.

முதல் தடவை அதைப் பார்த்தபோது, "தும்பி, மரத்தோட மரம் வெட்டினவரையும் சேர்த்து அனுப்புவாங்க போல" என்றாள் அண்ணி.

பலகை நீளம் என்பதால் பெட்டியும் நீளம். எடையே இல்லாவிட்டாலும் அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்குக் கூலி உண்டு. ஒரு பலகை வைத்தாலும், திணித்துத் திணித்து வைத்தாலும் அதே கூலிதான். ஆகவே வருடத்துக்கு ஒரே பெட்டி. விரல் நுழைய இடமில்லாமல், இருவருக்கும் சேர்த்து. கூலியில் ஆளுக்குப் பாதி. கணக்கு அண்ணியின் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

யார்மேல் தப்பு என்று கேட்டால் தும்பிக்குச் சொல்லத் தெரியாது. அண்ணன் ஏசி மெக்கானிக். அண்ணி பேட்மிண்டன் அரங்கம் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவள். ஒரு நாள் அங்கே அலுவலக அறையில் ஏசி மாட்டப் போனவன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அதை ஓட்டிப் பார்க்க, உள்ளே ஆட்டத்தில் இருந்த இறகுப் பந்து எல்லை தாண்டிப் போய்விட்டது. அண்ணி எழுந்து வந்து அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அப்படி ஆரம்பித்த பழக்கம். கடைசி இரண்டு வருடமும் அதே மாதிரிதான் பேசிக்கொண்டார்கள், நடுவில் காதல் மட்டும் இல்லாமல். பிறகு அண்ணன் இரண்டு பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டான்.

அண்ணியிடம் பேசாதே என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் பேச்சு வந்தால் தட்டிலிருந்து எழுந்துவிடுவான், அவ்வளவுதான். அம்மாவும் மகளும் பேசும்போதே வார்த்தைகளை வடிகட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் தும்பி என்ற பெயரே அண்ணி வைத்தது. பெரிய கண்ணாடி, குச்சிக் கை, ஓரிடத்தில் நிற்காத கால் என்று பார்த்த அன்றே வைத்துவிட்டாள். அதை யாராலும் வடிகட்ட முடியவில்லை. "தும்பி, ரிமோட் எங்க?" என்று அண்ணன் கத்தும்போதெல்லாம் அம்மா கூரையைப் பார்ப்பாள்.

ஆட்டமில்லாத நேரத்தில் விமானம் விட அண்ணியின் அரங்கத்துக்குப் போவதைத் தும்பி நிறுத்திக்கொண்டாள். போகக் கூடாது என்று முடிவெடுத்ததாகவும் சொல்ல முடியாது. முதல் வாரம் தயங்கினாள், இரண்டாம் வாரம் வெட்கமாக இருந்தது, மூன்றாம் வாரம் இனி எந்த முகத்தோடு போவது என்று ஆகிவிட்டது. மிச்சமிருந்தது கூடைதான். அவள் ஒருநாள் ரப்பர் இழை ஒரு கட்டு போடுவாள். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் அண்ணி இரண்டு பலகை போட்டிருப்பாள். இறக்கைக்கு ஒட்டும் சவ்வுத்தாளை இவள் போட்டால், அங்கிருந்து ஒரு பசைக் குப்பி வந்து விழும். பேச்சு இல்லை, விசாரிப்பு இல்லை. ஆனாலும் அது நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில், கடையில், படுக்கையில் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது அதுவும் காலி. சாயங்காலம் மறுபடி நுழையப் பார்த்தபோது பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். தவறு.

பிறகு வந்த நாட்களில் தும்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னாச்சு?" என்று டைப் செய்து அழித்தாள். "நல்லா இருக்கீங்களா?" என்று போட்டு, அதைவிட அசட்டுத்தனம் வேறில்லை என்று அழித்தாள். வீட்டில் மேசை இழுப்பறையைக் கவிழ்த்து அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்தாள். மிச்சமிருந்த துண்டுப் பலகையில் விசிறி செதுக்க உட்கார்ந்து விரலைச் செதுக்கிக்கொண்டாள்.

"பேன் பார்க்கணுமா உனக்கு? எதுக்கு இப்படி நெளியற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்ளோ நடக்கறியே, ஏதாவது இருந்தா ஊரையே சுத்திடுவ."

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தது அண்ணன். கூரியர்க்காரர் நீட்டிய நீளப் பெட்டியைக் கனமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கியவன், அது வந்த வேகத்தில் பின்னால் இரண்டடி போனான்.

"என்ன தும்பி இது, காலிப் பெட்டியை அனுப்பிட்டாங்களா? உன் பேர்தான் போட்டிருக்கு."

அவள் பெயர். அத்தனை வருடத்தில் ஒரு பெட்டியும் அவள் பெயரில் வந்ததில்லை. வாங்கி அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அவள் கூடையில் போட்டது எல்லாமே இருந்தது. ரப்பர் இழை, சவ்வுத்தாள், இறக்கைப் பலகைகள். ஒன்று குறையவில்லை. அண்ணி போட்டவற்றில் ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த பாதிப் பெட்டி முழுக்கக் கசக்கிய பழுப்புக் காகிதம். ஒவ்வொரு உருண்டையாகப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு வரி எழுதியிருக்க மாட்டாளா என்று தேடினாள். கட்டில் முழுக்கக் காகிதம் பரந்ததுதான் மிச்சம்.

அந்த அளவுப் பெட்டிக்கு என்ன கூலி என்று தும்பிக்கு மனப்பாடம். இவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி போட்டிருக்கிறாள். அத்தனை காசைக் கொட்டிப் பாகம் பிரித்திருக்கிறாள். அதை நினைத்தபோது அழுகை வரவில்லை, காதுமடல் சுட்டது.

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து காகிதக் குவியலையும் மகளையும் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இடம் பண்ணி உட்கார்ந்தாள்.

"அவதான் அனுப்பினாளா?"

"என் பங்கை முழுசா அனுப்பிட்டாங்க. இனிமே என்கிட்ட வராதன்னு."

"அப்படி எழுதியிருக்காளா?"

"எழுதவே இல்லம்மா!"

அம்மா ஒரு காகிதத்தை எடுத்து மடியில் வைத்து நீவினாள். "கையெழுத்துப் போட்டது உங்கண்ணன். நீ எதுல கையெழுத்துப் போட்ட?"

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தும்பி கடையிலிருந்து கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள். என்ன பேசுவது என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியம் இன்னும் காரமாகிக்கொண்டே வந்தது.

காலையும் மாலையும்தான் அரங்கத்தில் ஆட்டம். மத்தியானத்தில் வலைகள் தொய்ந்து, கதவுகள் சாத்தி, காற்று அசையாமல் கிடக்கும். அண்ணி வரவேற்பு மேசையில் மட்டை ஒன்றுக்கு நரம்பு பூட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை.

"பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சு. பாதி காகிதம்."

"பலகை உடையாம வந்துச்சுல்ல?"

"யாரைக் கேட்டு ரெண்டு பெட்டி போட்டீங்க?"

அண்ணி நரம்பை இழுத்து முடிச்சுப் போட்டாள். "என் பேர்ல வந்தா நீ இங்க வந்து வாங்கணும். உங்கண்ணனுக்குத் தெரியும். சாப்பாட்டுல கோவத்தைக் காட்டுவாரு. உங்கம்மா மனசு கஷ்டப்படுவாங்க. அதுக்கு இந்தக் கூலி சீப்பு."

"ஓஹோ. என்னைக் கழட்டி விட எவ்வளவு ஆகும்னு பார்த்து, கட்டியாச்சு. பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு."

மட்டையை வைத்துவிட்டாள் அண்ணி. "யாரு யாரைக் கழட்டி விட்டது? மூணு மாசமா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல நீ. திருடி மாதிரி ரப்பரைப் போட்டுட்டு ஓடற. நான் என்னன்னு நினைக்கறது?"

"நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"எந்த முறையில பண்றது? சொல்லு. உங்க வீட்டுக்கு நான் இப்ப யாரு?"

தும்பி மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணி விமானம் செய்யும் சின்ன மேசை சுவரோரம் இருந்தது. அதன்மேல் இறக்கை இல்லாத ஒரு விமானம், கத்தி, காய்ந்துபோன பசைக் குப்பி. புதுப் பலகை எதையும் காணவில்லை.

"உங்க பெட்டி எங்க?"

"வரும்."

"ஒண்ணா அனுப்பினா ஒண்ணாதானே வரும்? எங்க?"

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ரெண்டு கூலி யாரால குடுக்க முடியும்? உன்னோடது மட்டும்தான் போட்டேன். நீ பார்த்துட்டா வேண்டாம்பேன்னுதான் பாஸ்வேர்டை மாத்தினேன்."

தும்பிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் குரல் கூரை வரை எழும்பியது.

"பாதிப் பெட்டி காலியா வந்திருக்கு! அந்தக் காகிதத்துக்குப் பதிலா உங்க பலகையை வெச்சிருந்தா ஒரு காசு கூடியிருக்காது! காகிதத்துக்கா கூலி கட்டுவாங்க? மூளை இருக்கா உங்களுக்கு?"

"கத்தாத. எனக்கும் அது தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"என் சாமான் அந்த வீட்டுக்குள்ள எப்படி வரும்?" அண்ணியின் குரல் இறங்கிவிட்டது. "தனித்தனியா எடுத்துக்கோங்கன்னு சொல்லி, கடைசி டம்ளர் வரைக்கும் பிரிச்சு முடிச்சிருக்கோம். திரும்பவும் ஒரு பலகையை அனுப்பி வைக்கணுமா? கடைக்காரருக்கு எழுதினேன், உன்னோடதை மட்டும் வைங்கன்னு. பெட்டி பெருசா இருக்கே, வேற எதுவும் வேணாமான்னு ரெண்டு தடவை கேட்டாரு பாவம்."

தும்பிக்குச் சிரிப்பு வந்தது. வரக் கூடாத நேரத்தில் வந்துவிட்டதே என்று கையால் வாயைப் பொத்தினாள். அதைப் பார்த்து அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சிரி. உனக்கென்ன, கூலி நான் கட்டினது" என்றாள்.

"பாதி நான் தருவேன். பலகையிலயும் பாதி நாளைக்கு இங்க வரும். வேண்டாம்னு வாயைத் திறந்தீங்கன்னா அந்தக் காகிதம் எல்லாத்தையும் கொண்டாந்து இந்த மேசையில கொட்டுவேன்."

அப்போது போன் அடித்தது. அண்ணன். கடைக்குத் திரும்பும் நேரம் எப்போதோ கடந்துவிட்டது. முதலாளி வீட்டுக்குப் போன் போட்டிருப்பார். அம்மா எதுவும் தெரியாதவள்போல மகனை விசாரிக்கச் சொல்லியிருப்பாள். திரையில் அந்தப் பெயரைப் பார்த்த அண்ணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"எடுக்காத. பஸ்ல இருந்தேன்னு அப்புறம் சொல்லிக்கலாம்."

தும்பி எடுத்தாள்.

"எங்க இருக்க?" என்றான் அண்ணன். பின்னால் எங்கோ துளை போடும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பேட்மிண்டன் ஹால்ல. அண்ணிகூட இருக்கேன்."

துளை போடும் சத்தம் நின்றது.

"பெட்டி அவங்க அனுப்பினதுதான்," என்றாள். வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "நாளைக்கும் வருவேன். அப்புறமும் வருவேன். உன்கிட்ட மறைச்சுட்டு வர முடியாதுண்ணா, விரலையெல்லாம் வெட்டிக்கறேன். நீ சாப்பிடாம எழுந்தாலும் வருவேன்."

மறுமுனையில் ஏதோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணா? வெச்சிடவா?"

"இரு."

தும்பி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினாள். அண்ணி கண்ணாலேயே என்ன என்று கேட்டாள்.

"இருன்னு சொன்னான்," என்று வாயசைத்தாள் தும்பி.

"சொல்லிட்டு ஒண்ணும் பேசலையா?" என்று அண்ணி கிசுகிசுத்தாள்.

இல்லை என்று தலையாட்டினாள்.

அண்ணி மேசைக்கு அடியில் காலை விட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சத்தமில்லாமல் தும்பியின் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு," என்றாள். "அவர் பேச நேரமாகும்."