ஏழாவது பிரதி

எடிட்டரின் விரல் பொத்தானை விட்டு எழவில்லை. திரையில் படம் ஒவ்வொரு கட்டமாக, ஃபிரேம் ஃபிரேமாக நகர்ந்தது. மணி மூன்றே கால். ஐந்துக்குள் திருடன் யாரென்று அவள் சொல்லியாக வேண்டும்.

"கிடைச்சுதா?" என்றார் பின்னால் நின்ற டைரக்டர், நகத்தைக் கடித்தபடி.

"விரலையும் சேர்த்து முழுங்கிடாதீங்க சார். இன்னும் இல்ல."

லாண்டரிக் கடை நடத்தும் இரண்டு ஆண்களின் கதை அது. கடைக்கு மேலே ஒரே வீடு, ஒரே கட்டில், ஓயாத சண்டை, ஓயாத காதல். பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்திவிட, டைரக்டர் அக்காவிடமும் நண்பர்களிடமும் கையேந்தி மூன்று வருடம் எடுத்த படம். அடுத்த வாரம் ஒரு திரைப்பட விழாவில் முதல் காட்சி. காலையில்தான் அங்கிருந்து போன் வந்தது. படம் இணையத்தில் கசிந்து முந்நூறு பேர் பார்த்துவிட்டார்களாம். ஐந்து மணிக்குள் ஆளைக் கண்டுபிடித்து அதை நீக்க வைக்காவிட்டால், போட்டியில் இடமில்லை.

எடிட்டரிடம் ஒரு தந்திரம் இருந்தது. வெளியே கொடுத்த ஆறு பிரதிகளிலும் வெவ்வேறு இடத்தில் ஒரே ஒரு கறுப்புக் கட்டத்தைச் செருகியிருந்தாள். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நிமிடத்தில் இருந்தால் அது ஹீரோவின் பிரதி.

அவளுடைய சந்தேகமும் ஹீரோ மேல்தான். 'இந்தப் படம் வந்தா எனக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?' என்று போன மாதம் புலம்பியவன் அவன். பன்னிரண்டாம் நிமிடம் சுத்தமாக இருந்தும் மனம் ஆறவில்லை. போன் போட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. நீதானே?"

"அக்கா, நான் பயந்தது நிஜம். பயந்தவன் ஊரைக் கூட்டிப் படம் காட்டுவானா?"

நியாயமான கேள்வி. போனை வைத்துவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படம் முடிந்தது. ஒரு கறுப்புக் கட்டம்கூட இல்லை.

"அப்படின்னா ஏழாவதா ஒரு பிரதி இருக்கு," என்றார் டைரக்டர் மெதுவாக. "யார்கிட்ட?"

அவர் பார்வையே மாறியிருந்தது.

"என் வீட்ல. மேஜை டிராயர்ல. அதுல அடையாளம் போடல சார். சொந்த வீட்டுக்கு யாராவது பொறி வைப்பாங்களா?"

வீட்டில் அவளைத் தவிர இருப்பது ஒரே ஆள். கணவன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஆட்டோவில் போகும்போதே எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டில் வெட்டி ஒட்டும்போதெல்லாம் விருட்டென்று எழுந்து போவான். 'உனக்கு வேற படமே கிடைக்கலையா?' என்று ஒருமுறை கேட்டான். இன்னொரு நாள் திரும்பிப் பார்த்தால், கதவோரம் கல்லாக நின்றிருந்தான். அருவருப்பு என்று நினைத்தாள். குழி பறிக்கும் அளவுக்கா?

கடைக்குள் நுழையும்போது நாலே இருபது. ஒரு பெரியவர் மூக்கில் சோதனைக் கண்ணாடியோடு எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"டிராயர்ல இருந்த படத்தை எடுத்தீங்களா?"

கணவன் கையில் இருந்த லென்ஸ் நழுவி விழுந்தது. அதுவே பதில்.

"நான் வேணா கண்ணை மூடிக்கட்டுமா?" என்றார் பெரியவர்.

"காதையும் சேர்த்து மூடிக்குங்க ஐயா," என்றபடி அவள் கணவனை நெருங்கினாள். "என் பொழைப்புல மண்ணைப் போடணும்னு எத்தனை நாளா நினைச்சீங்க?"

"ஐயோ, ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பினேன். அவர் சிநேகிதங்களுக்குக் கொடுத்திருப்பார். இப்படிப் பரவும்னு சத்தியமா தெரியாது."

"எதுக்கு அனுப்பினீங்க?"

"படத்தோட கடைசியில அந்த ரெண்டு பேரும் சாகல," என்றான் அவன். "கிழவங்களாகி, சட்டைப் பொத்தானுக்குச் சண்டை போடறாங்க. இப்படியும் ஒரு படம் எடுக்கறாங்கன்னு அவர் பார்க்கணும்னு தோணுச்சு. நாலு தடவை பார்த்துட்டுத்தான் அனுப்பினேன். நீ இல்லாதப்போ."

வெறுத்து ஓடியவனென்று அவள் நினைத்திருந்தவன், போனை எடுத்து மனப்பாடமாக ஒரு எண்ணை அழுத்தினான். "உடனே நெட்ல இருந்து எடுக்கச் சொல்றேன். ஆனா அந்த விழாக்காரங்க பேர் கேப்பாங்க. பேரைச் சொன்னா, நீ உறவைக் கேப்பே."

"கேக்கத்தான் போறேன். யார் அது?"

மணி அடித்துக்கொண்டிருக்கும் போனைக் காதில் வைத்தபடியே அவன் சொன்னான்.

"என் கூடப் பொறந்த அண்ணன். பதினெட்டு வருஷமா இன்னொரு ஆம்பளையோட குடித்தனம் நடத்தறார். 'எனக்கு ஒரே பிள்ளைதான்'னு உன்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ அப்பா சொன்னாரே, அது பொய்."