சாய்வரி டயர்

பட்டறையில் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அதை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார்.

பழைய லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டிக்கொடுப்பது அவர் தொழில். சொந்தமாக டயரே செய்யவேண்டும் என்ற ஆசை வந்ததும் வீட்டின் பின்பாதியை விற்றார். டயரில் வரிகளைப் பதிக்கும் இரும்பு அச்சு வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நேராக ஓடவேண்டிய வரிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. வெட்டியவர் எங்கோ கோட்டை விட்டிருந்தார்.

"இதை உருக்கத்தான் போடணும்."

"உருக்கிட்டு? அடுத்த அச்சுக்கு முன்பாதியையும் வித்துடுங்க. நாம வாசப்படியில குடித்தனம் நடத்தலாம்" என்றாள் மனைவி.

அவளுடைய தம்பிக்கு வாய்தான் மூலதனம். "கோணல்னு யாருக்கு மாமா தெரியும்? நாம சொன்னாத்தானே!" என்றவன், முதலில் வந்த டயர்களை ஒரு செங்கல் சூளை லாரிக்கு மாட்டிவிட்டான்.

அந்த வருஷ மழையில் சூளைக்குப் போகும் களிமண் பாதையில் லாரிகள் வரிசையாகப் புதைந்து நின்றன. இந்த லாரி மட்டும் சேற்றைப் பக்கவாட்டில் பிதுக்கித் தள்ளிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்ச் சேர்ந்தது. பட்டறை வாசலுக்குச் சூளைக்காரர்கள் வந்தார்கள். அடுத்துக் கல்குவாரிக்காரர்கள், டிராக்டர்காரர்கள்.

பட்டறை தொழிற்சாலையானது. விற்பனை இயக்குநராகிவிட்ட மைத்துனன் சாலைதோறும் பலகை வைத்தான்: 'பல்லாண்டு ஆராய்ச்சியில் பிறந்த சாய்வரி டயர்.' ஆராய்ச்சிக்கூடம் அதற்குப் பிறகுதான் கட்டப்பட்டது. புது அச்சுகள் வரும்போதெல்லாம் அந்தக் கோணல் துளியும் பிசகாமல் இருக்கிறதா என்று சரிபார்ப்பது ரசமட்டத்தின் வேலை. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

புதுமைக்கான விருது அறிவித்தார்கள். மேடையில் அவரால் அடக்க முடியவில்லை.

"இது எங்க கண்டுபிடிப்பு இல்லைங்க. அச்சு கோணலா வந்துடுச்சு. மாத்த வசதியில்ல. அவ்வளவுதான்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. "என்ன தன்னடக்கம்!" என்று தலைமை தாங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நெசமாத்தாங்க சொல்றேன்!"

கைதட்டல் இரண்டு மடங்கானது.

வீட்டுக்கு வந்தவர் பொன்னாடையைக்கூட எடுக்காமல் நாற்காலியில் சாய்ந்தார். "ஒருத்தரும் நம்பலடி."

"என் தம்பி இத்தனை வருஷம் பாடுபட்டு நம்ப வச்சிருக்கான். நீங்க ஒரு நாள் பேசிக் கலைச்சிட முடியுமா?"

அதற்குள் தொலைபேசியில் மைத்துனன் வந்துவிட்டான். "பிரமாதம் மாமா! இதையே விளம்பரமாப் போட்டுடலாம். கேமரா முன்னாடி இன்னொரு தடவை சொல்லுங்க. குரல் மட்டும் கொஞ்சம் தழுதழுக்கணும்."

முடியாது என்று கத்தினார். உண்மை ஊருக்குத் தெரிய வேறு வழியில்லை என்று தோன்றியதும் போய் உட்கார்ந்தார். வெளிச்சம் சரியில்லை, முகம் சரியில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். கடைசித் தடவை சொன்னபோது குரல் அழகாகத் தழுதழுத்தது. அவர் காதுக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது.