மாற்றாத டென்ஷனர்

பெரம்பலூர் நாலு ரோட்டை அடுத்த கார் பட்டறையில் பொழுது விடியுமுன்பே ராசாங்கம் வேலையைத் தொடங்கிவிட்டான். ஒரு டீசல் காரில் எஞ்சின் பல்சக்கரங்களை இணைக்கும் டைமிங் பெல்ட்டை எட்டு மணிக்குள் மாற்றியாக வேண்டும். எஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் உள்ளங்கை நுழையும் அளவே இடம். விரல் முட்டிகள் உரசித் தோல் பிய்ந்தது. எண்ணெய் பட்டு எரிந்தது. பல்சக்கரங்களின் குறிகளைச் சேர்த்துப் புது பெல்ட்டை மாட்டி, ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றினான். குறிகள் பிசகவில்லை. ஆனாலும் மனம் கேட்காமல் மறுபடி சுற்றிப் பார்த்தான். அழகேசன் போனதிலிருந்து இப்படித்தான்.

அழகேசன் அவனோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவன். பன்னிரண்டு நாட்களுக்கு முன், பெல்ட் மாற்றிய காரை முதலாளி குருமூர்த்தி சொல்லித்தான் ஓட்டிப் பார்க்கக் கொண்டுபோனான். அரியலூர் சாலையில் பெல்ட் நழுவி எஞ்சின் திடீரென நின்றது. பின்னால் வந்த சிமெண்ட் லாரி நிறுத்த முடியாமல் காரின் மேல் ஏறியது.

அந்தக் காரை, கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகிச் சோதித்தவள் அதே பட்டறையில் வேலை பார்க்கும் கமலவேணி. கழற்றிப் பார்த்தபோது பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்து ஆடியது. இரண்டையும் மாற்ற வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாள். டென்ஷனர் வரும்வரை காத்திருக்க முடியாது, பெல்ட் மட்டும் போதும் என்றார் குருமூர்த்தி. அவள் அதற்குமேல் பேசவில்லை. இப்போது தூக்கமில்லை.

எட்டு மணிக்குக் குருமூர்த்தி ஒரு தாளோடு வந்தார். அழகேசன் பெல்ட்டைத் தப்பாக மாட்டினான், யாரையும் கேட்காமல் காரை எடுத்துப் போனான் என்று அதில் இருந்தது. தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்களாம், பட்டறை ஆட்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் அழகேசன் மனைவி மேகலாவுக்கு இழப்பீடு கிடையாது.

“செத்தவனுக்கு இனிமே என்ன ஆவப் போவுது? பட்டறைய மூடிட்டா உங்க வூட்லதான் அடுப்பு எரியாது” என்றார்.

ராசாங்கம் பேனாவை வாங்கவில்லை. “அவன் மாட்டுனது சரிங்க. கூட நின்னு நாந்தான் குறி பாத்தேன். டென்ஷனர் வேணாம்னு சொன்னது நீங்க.”

“உன்னயக் கேக்கல. நீ போடும்மா, கமலவேணி.”

“அன்னிக்கே வண்டிய வெளிய வுடக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும் சார். சொல்லல. இதுலயும் போட்டுட்டா மேகலா அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

போடாதவர்கள் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் குருமூர்த்தி. அதிகம் பேசாத பெயின்டர் பெரியசாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்கு எதுக்குங்க. இன்னிக்கே போயிடுறோம்.”

ஆறு பேரும் வெளியே வந்தார்கள். டென்ஷனரையும் மாற்றச் சொல்லி அன்று எழுதிக் கொடுத்ததன் நகல் கமலவேணியின் பையில் இருந்தது. விஷயம் கேட்டு, பக்கத்து டயர் கடையிலிருந்தும் லேத் பட்டறையிலிருந்தும் ஐந்தாறு பேர் சேர்ந்துகொண்டார்கள். மேகலாவை அழைத்துக்கொண்டு, இழப்பீடு கேட்டு மனு கொடுக்கத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தார்கள்.

கதவு இன்னும் திறக்கவில்லை. என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியவில்லை. வாசற்படியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மனு கொடுக்க வந்தது யார் என்று காவலாளி கேட்டார். மேகலா தடுமாறி எழுந்தாள். அவளோடு அத்தனை பேரும் எழுந்தார்கள்.