நாய்க்கு வந்த நம்பர்

நாய் வீடுகள் பன்னிரண்டும் டெம்போவில் வந்து இறங்கிய அன்று வள்ளியிடம் நாய் கிடையாது. இருந்தாலும் வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.

தலைநகரில் ஏஷியாட் விளையாட்டு நடப்பதற்கு முந்தைய டிசம்பர் அது. குளிரில் நாய்கள் சாவதைக் கண்டு என் ஆபீஸரின் மனைவி நடத்திய சங்கம் உருகியது. கிட்வாய் நகருக்குப் பின்னால், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரமாக நம் தமிழ் ஜனங்கள் போட்டிருந்த குடிசைகளுக்கு ஒட்டுப்பலகையில் நாய் வீடு செய்து அனுப்பியது. பாஷை தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். மனிதர்கள் சாக்கைத் தொங்கவிட்டுக் கதவு என்கிற இடத்தில், நாய்க்குப் பலகை வீடு வந்திருப்பதை எந்த பாஷையில் சொல்வது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஒவ்வொன்றின் நெற்றியிலும் கறுப்புத் தகரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு நம்பர். குடிசைகளில் சர்வே ஆட்கள் அடித்துவிட்டுப் போன தகரமும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். அந்தத் தகரம் இருந்தால், சர்க்கார் குடிசைகளை இடிக்கிற அன்று ஊருக்கு வெளியே ஒரு துண்டு மனை கொடுப்பார்கள். இல்லாவிட்டால் சட்டி பானையோடு நடுத்தெரு. சர்வே வந்த வாரம் வள்ளி மாமியார் சாவுக்காகக் கள்ளக்குறிச்சி போயிருந்தாள். பூட்டின வீட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் விருதுநகர் மண்டியில் வளர்ந்தவன். வாங்க வந்தவன் தனக்கு வேண்டிய மூட்டையைத் தவிர மற்றதில் எல்லாம் கைவிட்டுப் பார்ப்பான். வள்ளி பலகையைத் தட்டினாள், ஆணியைக் குறை சொன்னாள், தகரத்தின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"நாய் எங்கேம்மா?" என்றேன்.

"மேயப் போயிருக்குது சார்."

"நாயா?"

"எங்க நாயி அப்படித்தான்."

நாயைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்கக்கூடாது என்பது சங்கத்தின் உத்தரவு. பக்கத்துக் குடிசை கலியனிடம் மூன்று நாய்கள். அதில் ஒன்றை வாடகைக்குக் கேட்டாள் வள்ளி. அவன் ரிக்‌ஷாவில் சாய்ந்துகொண்டு, கடிக்கிற நாய்க்கு ரேட் ஜாஸ்தி என்றான். இதற்குக் குரைக்கவே தெம்பு இல்லையே என்றாள் அவள். பாத்திரம் தேய்க்கிற வீட்டில் மிஞ்சும் ரொட்டியில் பாதி நாய்க்கு, பாதி கலியனுக்கு என்று படிந்தது. அதற்குள் எட்டு வீடுகள் போயிருந்தன. வள்ளிக்கு ஒன்பதாம் நம்பர் கிடைத்தது. அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. எதுவானாலும் நம்பர் நம்பர்தானே.

அடுத்த ஞாயிறு நாய்கள் சௌக்கியமா என்று பார்க்கப் போனேன். வள்ளியின் நாய் வீட்டு நெற்றியில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். தகரம் அவள் வாசல் சட்டத்தில் இருந்தது. அதன் எதிரே சரிபார்க்க வந்த சர்வே குமாஸ்தா, கையில் பட்டியலோடு நின்றிருந்தார். கலியன் குடிசையின் நம்பரும் ஒன்பது. இரண்டில் எது பொய் என்று இந்தியில் கேட்டார். உண்மையைச் சொல்லாவிட்டால் இரண்டையும் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவாராம்.

கலியன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், என் நம்பர் நெசம்னு சொல்லுங்க. அது போதும்."

"அவளுது?"

"பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன் சார். ஆறு வருசமா பக்கத்து வூடு."

மண்டிக்காரன் என்றால் நாலு பொய் தயாராக இருக்க வேண்டும். அன்று ஒன்றுகூட வாயில் வரவில்லை. நம்பர் நாயுடையது, வீடு அவளுடையது, சாவுக்குப் போனவள் பூட்டிவிட்டுப் போனாள் என்று உள்ளதைச் சொல்லி, நாயையும் காட்டினேன். குமாஸ்தா சிரித்தார். நாய்க்கு இந்த சர்க்காரில் மனை கிடையாது தம்பி என்றார். பிறகு சிரிப்பு நின்று, ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் நம்பர் இல்லாமல் இருந்த வள்ளியின் குடிசையைப் பார்த்தார். தகரத்தைப் பிடுங்கி, நாய் வீட்டிலேயே அடி என்று கலியனிடம் கொடுத்தார். சட்டத்தில் சாக்பீஸால் 9 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சாய்கோடு இழுத்தார். அதற்கு மேல் எழுதவில்லை. சாஹேபைக் கேட்டு வருகிறேன், வியாழனோ வெள்ளியோ என்று பத்தாம் நம்பருக்குப் போய்விட்டார்.

"அந்தக் கோடு இன்னா சார்?" என்றாள் வள்ளி.

சாஹேப் சரி என்றால் அதன் பக்கத்தில் இன்னொரு எண் வரும், அதுதான் உன் நம்பர் என்றேன். தூறல் ஆரம்பித்திருந்தது. அவள் போர்த்தியிருந்த சால்வையை உருவி இரண்டு கையாலும் விரித்து, சாக்பீஸ் எழுத்தின் மேல் தூறல் பட்டுவிடாமல் சட்டத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.