சக்கர மணிகளில் வெண்ணெய்

புனித கவ்ரான் சிற்றாலயத்தின் சாவி லாவிக்கின் இடுப்பில் ஏறிய ஆண்டிலிருந்தே அவருடைய தொந்தியும் முன்னேறத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. சனிக்கிழமைதோறும் பக்தர்கள் பீடத்தில் வைக்கும் வெண்ணெயைக் கெம்பேர் சந்தையில் விற்று, கூரைக்குக் கற்பலகை வாங்குவது சாவியைக் காக்கும் கோவில்பிள்ளையின் கடமை. லாவிக் அதில் பெரும்பகுதியைத் தம் வீட்டு அப்பக்கல்லுக்கு அனுப்பினார். கூரை ஒழுகியது, அப்பம் மணத்தது.

இதைக் கண்டவள் ஒருத்திதான். ஆறு வயது ரோஸென் பிறந்தது முதல் ஒரு சொல்லும் பேசியதில்லை. தூணருகே அமர்ந்திருந்த அவள் நாக்கில் ஒரு விரல் வெண்ணெயைத் தடவி, "உனக்குத் தெரிஞ்சா என்ன, இந்தத் தூணுக்குத் தெரிஞ்ச மாதிரிதானே!" என்று அவர் சிரித்தார். அவர் மட்டுமா? சாமியாரிடம் சொல்லத் தயங்கிய பாவங்களையெல்லாம் ஊரே அந்தக் குழந்தையின் காதில்தான் இறக்கிவைத்தது. அவள் பரிகாரம் எதுவும் விதிப்பதில்லை அல்லவா?

அவளுடைய தாய் மர்ஹரித் ஒரு நாள் வந்து நின்றாள்.

"நம்ம கோவில் மன்னிப்புத் திருவிழா அன்னிக்கு ரோஸென் தலைக்கு மேல சக்கரத்தைச் சுத்திடுங்க அண்ணே."

லாவிக் அண்ணாந்து சிற்றாலயத்தின் கூரையைப் பார்த்தார். கோமகன்கள் ஆண்ட காலத்தில், கப்பல் கட்டும் தச்சர்கள் தாங்கள் அறிந்த ஒரே வடிவத்தில், கவிழ்த்த படகுபோல் எழுப்பிய கூரை அது. அதன் கீழே, கோழிகளுக்கு நரி பிரசங்கம் செய்வதுபோல் செதுக்கிய உத்தரத்தை அடுத்து, பன்னிரண்டு மணிகள் கட்டிய அந்த மரச்சக்கரம் தொங்கியது. பேச்சு வராத பிள்ளைகளின் நாவை அதன் ஒலி அவிழ்க்கும். ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று யாத்திரிகர்களிடம் அளந்தவர் லாவிக்தான்.

"என்ன அவசரம் மர்ஹரித்? அவளுக்கும் சேர்த்து நீதான் பேசிடுறியே!"

"துரு ஏறினது சக்கரத்துலயா, உங்க மனசாட்சியிலயா? கயித்த இழுக்கத்தானே ஊரு உங்களுக்கு அப்பம் போடுது!"

திருவிழாக் காலையில் லாவிக் ஏணி வைத்து ஏறினார். துணி கட்டினால் கீழிருந்து தெரிந்துவிடும். ஆகவே கைவசம் தாராளமாக இருந்த பொருளை மணி ஒவ்வொன்றின் வாயிலும் அப்பினார். ஒலி இல்லையேல் அற்புதம் இல்லை. அற்புதம் இல்லையேல் சாவிக்கும் ஆபத்து இல்லை.

ஆனால், கோடைக் காலத்தையும் கூட்டத்தையும் நேர்கீழே எரிந்த மெழுகுவர்த்திகளையும் அவர் கணக்கில் கொள்ளவில்லை. பூசை முடிந்து கயிற்றை இழுத்தபோது முதல் சுற்றில் 'பொத், பொத்' என்றது. இரண்டாம் சுற்றில் அண்ணாந்திருந்த ரோஸென் முகத்தில் மஞ்சள் துளிகள் விழுந்தன. மூன்றாம் சுற்றில் பன்னிரண்டு மணிகளும் கணீரென்று முழங்கின.

ரோஸென் உதட்டை நக்கினாள், யோசித்தாள்.

"நம்ம வெண்ணெய்."

ஊர் மண்டியிட்டது. மர்ஹரித்துக்குக் கண்ணீர் பொங்கியது. ஆறு ஆண்டுகள் அவள் காத்திருந்த குரல் அது.

"அம்மா போடுற அதே உப்பு," என்றாள் குழந்தை, சரளமாக. "லாவிக் மாமா வீட்டு அப்பத்துல தடவுவாரே, அது. சாமியாரும் அங்க வந்து..."

சாமியார் உரத்த குரலில் நன்றிப் பாடலைத் தொடங்கினார். ரோஸென் திரும்பி ஆலைக்காரரைப் பார்த்தாள்; அவர் அலறிப் பாடினார். தையல்காரியைப் பார்த்தாள், அந்த வரிசையே சேர்ந்துகொண்டது. அவ்வளவு பக்தியோடு அந்தக் கூரை அதற்குமுன் அதிர்ந்ததே இல்லை.

பாடாதவள் மர்ஹரித் ஒருத்திதான். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கோவில்பிள்ளையின் முன் உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவி."

லாவிக் சுற்றிலும் பார்த்தார். தமக்காக ஒருவராவது பாட்டை நிறுத்திப் பேசுவார்களா என்று தேடினார். எல்லாரும் கண்களை இறுக மூடியிருந்தார்கள். அவர் சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"வீட்டுக்குப் போலாண்டி கண்ணு," என்றாள் மர்ஹரித். "அவசரமே இல்ல. முதல்லேருந்து சொல்லு."

பாடல் ஏழாவது முறையாகத் தொடங்கியது.