சனிக்கிழமை விழும் பெட்டி

சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி தர வேண்டிய பாக்கி எண்ணூற்று அறுபது ரூபாய். அதில் நூற்றைம்பது என் கூலி. மீதி, ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் வயர்மேன் சத்தியநேசன் கடன் சொல்லி வாங்கிய சாமானுக்குப் போக வேண்டியது. அண்ணாச்சி தந்தால்தான் கடைக்காரர் வாய் மூடுவார். அவர் வாய் மூடிய பிறகுதான் என் கூலி என் கைக்கு வரும்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். நான் சத்தியநேசனுக்குக் கையாள். சுவரில் காடி வெட்டுவதும் அதில் வயர் போகும் குழாயைப் பதித்துப் பூசி மூடுவதும் என் பாடு. கரண்டைத் தொடுவது அவர் பாடு.

அண்ணாச்சிக்கு ராஜபாளையத்தில் பஞ்சாலை மேஸ்திரி வேலை. வீடு அவருடைய அப்பா கட்டியது. நடையில் மரப்பலகை, அதில் கரி படிந்த பீங்கான் பியூஸ். கிரைண்டரும் டி.வி.யும் வந்த பிறகு பலகை சூடாகிக் கருகின வாடை அடிக்கத் தொடங்கியது. பயந்துபோய் எங்களைக் கூப்பிட்டார். பலகையைக் கழற்றிவிட்டு இரும்புப் பெட்டி வைத்தோம். எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து வீட்டையே அணைத்துவிடும் சுவிட்சு ஒன்றும் அதில் உண்டு. உள்ளே முழுக்கப் புது வயர் இழுத்தோம். கொல்லைப் பக்கம் மட்டும் அண்ணாச்சி விடவில்லை.

"அங்கன இருக்கது ஒத்த பல்பு. வயரு ஓடுத பழைய மரப்பட்டி கல்லு மாதிரி இருக்குல்லா? நீங்க கேக்க கேக்கத் தொறந்துவிட ஏங்கிட்ட என்ன பிளவக்கல் டேமா இருக்கு?" என்றார்.

வேலை முடிந்தது. தொந்தரவு அதற்குப் பிறகுதான். வாரம் முழுக்கச் சும்மா இருக்கும் பெட்டி, சனிக்கிழமை காலையில் டப்பென்று விழுந்துவிடும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். மதியத்துக்கு மேல் தூக்கினால் நின்றுகொள்ளும். ஆள் மேல் ஆள் விட்டார் அண்ணாச்சி. சத்தியநேசன் திங்கட்கிழமை போய்ப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. இன்னொரு நாள் போனார், அப்போதும் இல்லை. பாக்கி அப்படியே நின்றது. கடைக்காரர், சத்தியநேசனின் சைக்கிளைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன் என்று சொல்லியனுப்பினார்.

அதனால் ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். நாங்கள் வாசலில் கால் வைக்கும்போதே பெட்டி விழுந்தது. ஃபேன் சுற்றி அடங்கியது.

"வா ராசா, வா. ஒங்க பெட்டி ஓய்வுநாள் ஆசரிக்குது, வந்து பாரு" என்றார் அண்ணாச்சி. நைட் ஷிப்ட் முடிந்து தூங்கப் படுத்தவர். கண் சிவந்திருந்தது.

"எங்கயோ கசியுது அண்ணாச்சி. பெட்டி அதைத்தான் சொல்லுது."

"முப்பது வருசமாக் கசியாதது, நீ வந்த பொறவுதான் கசியுதோ? ஏலே, இங்க பாரு." சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ரூவா இதுல இருக்கு. அந்த விழுற சுவிட்சக் கழத்திட்டு நேரா வயரக் குடு. இந்த நிமிசமே வாங்கிட்டுப் போ."

நான் சத்தியநேசன் காதருகே போனேன்.

"அண்ணே, கேட்டதச் செஞ்சு குடுத்துட்டுப் போவோம். அவுக வீடு, அவுக கரண்டு. என் வீட்ல அடுப்பெரியணும்ல?"

"மனசு கேக்கல காசி."

"மனசக் கடைக்காரர் வாங்கிக்கிடுவாரா?"

அவர் பெருமூச்சு விட்டார். பெட்டியின் மூடியைத் திறந்து, சுவிட்சின் முதல் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார்.

அந்த நேரம் கொல்லையிலிருந்து அண்ணாச்சியின் மனைவி பரிபூரணம் அக்கா வந்தார்கள். இடுப்பில் பிழிந்த போர்வை, சேலை நுனியெல்லாம் ஈரம். மறுநாள் ஞாயிறு சபைக்கு உடுத்தும் வெள்ளைத் துணியும் வீட்டுப் போர்வைகளும் சனிக்கிழமைதான் துவைப்பார்கள்.

"என்னத்தக் கழத்துதீக?"

"இந்தச் சனியனத்தான்" என்றார் அண்ணாச்சி.

"ஐயோ, அது இருக்கட்டும். அது வந்த பொறவுதான் கொடி கடிக்க மாட்டேங்கு."

சத்தியநேசன் கை நின்றது. "எந்தக் கொடிக்கா?"

"துணி காயப்போடுத கம்பிக்கொடிதான். முன்னெல்லாம் ஈரத்துணியப் போட்டா முழங்கை வரைக்கும் புடிச்சு இழுக்கும். இப்ப ஒரு சுண்டு, அம்புட்டுத்தான். ஒடனே விட்டுருது."

"இத்தன நாளா ஏட்டி சொல்லல?" அண்ணாச்சி கத்தினார்.

"சொன்னனே! வாயுப் பிடிப்புன்னு தைலம் வாங்கியாந்தது யாரு? பாட்டிலு இன்னும் அலமாரில இருக்கு. எடுத்தாரட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. சத்தியநேசன் கொல்லைக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். கம்பிக்கொடி ஒரு முனையில் கல்தூணில் கட்டியிருந்தது. மறுமுனை சுவரில் ஒரு பெரிய ஆணியில். சுவரில் என்றா சொன்னேன்? சுவரோடு பல்புக்கு ஓடும் மரப்பட்டியில். அதற்குள்தான் பழைய வயர் போகிறது. நனைந்த போர்வைகளின் பாரத்தில் கொடி தொய்ந்து, ஒரு போர்வையின் நுனி துவைகல்லில் இழைந்துகொண்டிருந்தது.

துணியைக் காய்ந்த மூங்கிலால் தள்ளி எடுத்தோம். சத்தியநேசன் என்னைப் பெட்டியைத் தூக்கிவிடச் சொன்னார். இந்தத் தடவை நின்றது. கொடியில் டெஸ்டரை வைத்தார். வெளிச்சமில்லை.

"இப்பக் கொடிய அமுக்கு. மூங்கிலால அமுக்கு, கைய வெச்சுராத."

அமுக்கினேன். ஆணி லேசாகச் சாய்ந்தது. டெஸ்டர் சிவப்பாக எரிந்தது.

மெயினை அணைத்துவிட்டு நான் பட்டியை நெம்பித் திறந்தேன். ஆணியின் கூர் உள்ளே வயரின் தோலைச் சீவியிருந்தது. பாரம் ஏறும்போது செம்பைத் தொடும், ஈரப் போர்வை வழியாகக் கரண்ட் துவைகல்லுக்கு இறங்கும்; பாரம் இறங்கும்போது விட்டுவிடும். துணி இல்லாத நாளில் வந்து எத்தனை தடவை பார்த்தாலும் எப்படி அகப்படும்?

அண்ணாச்சி கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார்.

"நான் அடிச்ச ஆணிலே அது. காரைச் சுவத்துல எங்க அடிச்சாலும் உதிருது. மரத்துல சிக்குனு நின்னுச்சு..." எழுந்து போய் அக்காவின் கையை, அந்த முழங்கையை, பிடித்துப் பார்த்தார்.

"விடுங்க, இந்தப் புள்ளைக பாக்கு" என்றார்கள் அக்கா. "பழைய பியூஸு ஏன் விழலன்னு கேளுங்க."

சத்தியநேசன் மெதுவாகச் சொன்னார்: "அதுக்கு இது தெரியாதுக்கா. வயரு சூடானாத்தான் உருகும். ஆளு செத்தாக்கூட அது பாட்டுக்கு நிக்கும்."

இன்னும் நாலு திருகு சுற்றியிருந்தால் ரூபாய் கைக்கு வந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை அக்கா போர்வையைக் கொடியில் போட்டிருப்பார்கள்.

கொல்லை வயரை அன்றே துண்டித்தோம். ஆணியைப் பிடுங்கி அண்ணாச்சி கையில் கொடுத்தேன். கொடியை வேப்ப மரத்துக்கு மாற்றிக் கட்டினார் அவரே. அக்கா போர்வைகளை எல்லாம் போட்டார்கள். பெட்டி விழவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கொல்லைக்கும் குழாய் பதிச்சிருங்கலே. டேமு தொறந்தாச்சு" என்றார்.

சட்டைப் பையிலிருந்து ரூபாயை எடுத்துச் சத்தியநேசன் கையில் வைத்தார். அக்கா எங்களை விடவில்லை. சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி நேராகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தன் பங்கை வாங்கிக்கொண்டு, "சைக்கிளு பொழச்சுது" என்றார். சத்தியநேசன் என் நூற்றைம்பதை எண்ணித் தந்தார். அரிசிக் கடை இன்னும் திறந்திருந்தது.