ஆபிரிக்காவை முன்னேற்றிய மாஸ்ரர்

மூன்றாவது பொன்னாடையும் தோளில் விழுந்தபோது அமிர்தநாதர் மாஸ்ரருக்கு வியர்க்கத் தொடங்கியது. வெளியே மார்ச் மாதத்துப் பனி. உள்ளே, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் தேவாலயத்துக் கீழ்மண்டபத்தில், ஹீற்றர் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுபத்துமூன்று வயதில் அவருடைய முதல் நூல் வெளியீடு. நூலின் பெயர் 'சாம்பியாவில் நான் ஏற்றிய சுடர்'. முதற்பிரதியைப் பெற்றுக்கொண்ட வீட்டுத் தரகர் அருள்நாயகம் அதன் றிபனைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. ஆனால் நூலைப் பற்றி இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். கல்வி, கலாசாரம், பொருளாதாரம் மூன்றையும் ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோய் இறக்கியவர் எங்கள் மாஸ்ரர் என்றார். காரின் பின்பக்கத்திலிருந்து மூன்று சூட்கேஸ்களை இறக்கியது போலத்தான் அது கேட்டது. சபை கைதட்டியது. மாஸ்ரர் அடக்கமாகத் தலையைக் குனிந்தார். அந்தக் குனிவை அவர் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தரம் செய்து பார்த்திருந்தார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்துநான்கு தொடக்கம் எண்பத்தொன்பது வரை சாம்பியாவின் கசாமா என்ற ஊரில் அவர் கணிதம் படிப்பித்தது உண்மை. ரொறன்ரோவுக்கு வந்தபிறகு அதைக் கலியாண வீட்டிலும் சொன்னார், செத்த வீட்டிலும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு சுவராகக் குறைந்துகொண்டு வந்தது. பத்தாவது வருடத்தில் ஆய்வுகூடம் போயிற்று. இருபதாவது வருடத்தில் கூரை போயிற்று. நூலாக எழுதி முடித்தபோது ஒரு மாமரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவருக்கே அந்த மாமரம்தான் நினைவிலிருந்தது. முன்வரிசையில் இருந்த மனைவி கிளடிஸ் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. பக்கத்தில் மகள் ஸ்டெபனி. கசாமாவில் பிறந்து, இரண்டு வயதில் அங்கிருந்து தூக்கி வரப்பட்டவள். இப்போது ஸ்காபரோவில் அவளும் ஓர் ஆசிரியை. ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று யார் கேட்டாலும், என் அப்பா மரத்தடியில் படிப்பித்தவர் என்று சொல்லுவாள்.

தரகர் பேச்சை முடிக்கிற நேரம் கதவு திறந்தது. தலையில் பனித் துகளோடு உயரமான ஒரு கறுப்பின மனிதர் உள்ளே வந்தார். கூட வந்த பிரியந்தன் பிறம்ரனில் அவரோடு வேலை செய்கிற பெடியன். இருவரும் பாலங்களைப் பரிசோதிக்கிற எஞ்சினியர்கள். பிரியந்தனின் போனில் விழாப் பிரசுரத்திலிருந்த மாஸ்ரரின் படத்தைக் கண்டவர், இது என் கணக்கு வாத்தியார் என்று சொல்லி அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

தலைமை தாங்கிய செல்வரட்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. "மாஸ்ரரை வாழ்த்த ஆபிரிக்காவே எழும்பி வந்திருக்கு," என்று மைக்கில் அறிவித்து, வந்தவரை நேரே மேடைக்கு ஏற்றினார்.

வந்தவர் முழங்காலைச் சற்று மடித்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாக இரண்டு தரம் தட்டினார். பெரியவர்களுக்கு அந்த ஊரில் மரியாதை செய்கிற விதம் அது. "சேர். நான் முலெங்கா," என்றார்.

கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுகிற முலெங்கா. அந்தப் பெயரோடு மாஸ்ரரின் நினைவில் செங்கல் கட்டடம் முழுதாக எழும்பி வந்தது. கண்ணாடி யன்னல்களும், ஆய்வுகூடத்து அமில மணமும், வாசலில் தலைமை ஆசிரியரின் சைக்கிளும் வந்தன. மாமரம் ஒரு மூலையில் நின்றது. அதன் கீழே ஆசிரியர்கள் தேத்தண்ணி குடிப்பார்கள்.

முலெங்கா ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். முன்வரிசையிலிருந்து ஒருவர், "மாஸ்ரர், உந்த இங்கிலிசு எங்களுக்குப் பிடிபடேல்லை. நீங்களே தமிழிலை சொல்லிவிடுங்கோவன்," என்றார். இரண்டாவது மைக் மாஸ்ரரின் கைக்கு வந்தது.

சேர் எங்கள் ஊருக்கு வந்தபோது அவருடைய நாடு எரிந்துகொண்டிருந்தது. அவரிடம் ஒரேயொரு சூட்கேஸ்தான் இருந்தது. எங்கள் தேவாலயப் பங்குப் பெண்கள் போர்வையும் சட்டியும் சோளமாவும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்றார் முலெங்கா. சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்புக்காக நிறுத்தினார்.

மாஸ்ரர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "நான் போன நேரம் அங்கை சரியான கஷ்டமாம்," என்றார்.

யாருக்குக் கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டல் எழுந்தது. முலெங்கா மகிழ்ந்துபோய்த் தொடர்ந்தார். சேருக்குச் சம்பளம் வரப் பிந்திய முதல் மாதங்களில் என் அம்மாதான் தன் நிலத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார்; மண்வெட்டி பிடிக்கவும் பழக்கினார்.

"தங்கடை குடும்பத்துக்கு," மாஸ்ரர் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார், "தோட்டம் செய்யப் பழக்கினதாம்."

இந்தத் தடவை தரகர் எழுந்து நின்றே கைதட்டினார். நூலின் நான்காவது அத்தியாயம் 'விவசாயம் கற்பித்தேன்'. மாஸ்ரர் சபையைப் பார்க்காமல் தன் சப்பாத்தைப் பார்த்தார். முலெங்கா இப்போது ஸ்டெபனியைப் பார்த்துப் பேசினார். பிரசவத்துக்குப் பிறகு மிஸிஸ் கிளடிஸ் எழும்ப முடியாமல் கிடந்த இரண்டு மாதமும் என் அம்மா அந்தக் குழந்தையைத் துணியால் தன் முதுகில் கட்டிக்கொண்டே திரிந்தார்; அந்தக் குழந்தை நீதானே என்று கேட்டார்.

ஸ்டெபனி எழுந்து நின்றுவிட்டாள். மைக் மாஸ்ரரின் வாயருகே இருந்தது. ஒரு கூட்டல் கணக்குக்கு விடை தெரியாமல் எழுந்து நிற்கிற மாணவனின் முகம் அவருக்கு வந்திருந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று செல்வரட்ணம் சபைக்கு விளக்கம் சொன்னார். சபை மறுபடியும் கைதட்டியது. தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று எண்ணி முலெங்கா நெஞ்சில் கைவைத்து வணங்கினார்.

வடையும் தேத்தண்ணியும் வந்தபோது ஸ்டெபனி மேடையோரம் வந்தாள்.

"அப்பா, நீங்கள் மைக்கிலை சொன்னது அவர் சொன்னதில்லையே."

"மைக் இரைஞ்சது பிள்ளை. வடிவாக் கேக்கேல்லை."

"எனக்குக் கேட்டது."

கிளடிஸ் அவர்களைக் கடந்து நேரே முலெங்காவிடம் போனாள். "உன் அம்மா பிறிஜற் எப்படி இருக்கிறா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெயரை அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. நூலிலும் அது இல்லை. எண்பத்துநான்கு வயது, இன்னும் தன் சோளத்தைத் தானே நடுகிறா என்றார் முலெங்கா. கிளடிஸ் அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் நின்ற பக்கம் அவள் திரும்பவேயில்லை.

முலெங்கா நூலொன்றை வாங்கி வந்து மாஸ்ரரிடம் கையெழுத்துக்கு நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு போனில் பேசுவேன், யாராவது ஆங்கிலத்தில் சொன்னால் அத்தியாயம் அத்தியாயமாக அம்மாவுக்கு எங்கள் மொழியில் சொல்லிவிடுவேன் என்றார்.

"ஐ வில் றீட் இற் ரு யூ," என்றாள் ஸ்டெபனி, தானே வாசித்துச் சொல்லுவதாக.

மாஸ்ரர் பேனாவைத் திறந்தார். மூடினார். பெடியா, இது நல்ல புத்தகமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஐந்நூறு பிரதி அச்சடித்த புத்தகம். தோளிலிருந்த மூன்று பொன்னாடைகளும் கழுத்தை அறுத்தன. அதற்குள் முலெங்கா பக்கங்களைப் புரட்டி, நடுவிலிருந்த படங்களில் ஒன்றைக் கண்டு, ஆ என்று மூச்சை இழுத்தார். தோட்டத்தில் இளைஞனான மாஸ்ரரும் பக்கத்தில் ஒரு பெண்ணும் நின்றார்கள். அம்மா என்று மெல்லச் சொன்னார். படத்தின் கீழே 'என்னிடம் விவசாயம் கற்ற பெண்' என்றிருந்த தமிழ் வரியைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்டெபனியைக் கேட்டார்.

சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் அவளுடையது. விரலை வைத்து எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பாள். விரல் முதற் சொல்லைத் தாண்டி, இரண்டாவதில் நின்று, மூன்றாவதற்கு மெல்ல நகர்ந்தது. முலெங்கா குனிந்து காத்திருந்தார். விரலுக்கு மேலே, மண்வெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்த இளைஞன் மிடுக்காக நின்றான். அவனைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண், நிற்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.